மூடி போட்ட பிறகுதான் ரிக் வண்டி நகர வேண்டும்!

தண்ணீர் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. போர் போட்ட ரிக் வண்டி, துளைக்கு மூடி போடாமல் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் அந்த வண்டிக்கு பாக்கிப் பணம் ஒரு பைசா கூடக் கொடுக்கக் கூடாது.

கறாரான பேச்சாகத் தெரியலாம். ஆனால் மற்ற வழிகளை எல்லாம் பார்த்தாகிவிட்டது. விதி இருக்கிறது. சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு இருக்கிறது. கலெக்டர் ஆபீசில் சுற்றறிக்கை இருக்கிறது. இருந்தும் சேலம், நாமக்கல் பக்கம் மேட்டுக் காடுகளுக்குள் இறங்கி நடந்தால், தண்ணீர் வராத போரின் வாய் மேல் ஒரு பாறாங்கல்லோ, உடைந்த ஓடோ, பழைய உரச் சாக்கோ மூடியாக உட்கார்ந்திருப்பது கண்ணில் படத்தான் செய்கிறது.

அதுவும் இந்தப் பக்கத்தில் இப்படி இருப்பதுதான் கேவலம். இந்தியாவுக்கே போர் போட்டுக் கொடுக்கிற ஊர் இங்கேதானே இருக்கிறது!

திருச்செங்கோட்டு வண்டி

மலை மேல் அர்த்தநாரீஸ்வரர், மலைக்குக் கீழே ரிக் வண்டி. வெளியூர்க்காரருக்குத் திருச்செங்கோட்டை இப்படித்தான் அடையாளம் சொல்ல வேண்டும். ரிக் லாரி கட்டுகிற பட்டறை, கம்ப்ரசர் ரிப்பேர் பட்டறை, பிட்டும் ஹேமரும் விற்கிற கடை, ராடுக்கு மரை போடுகிற லேத்து என்று ஊரே அந்தத் தொழிலைச் சுற்றித்தான் நிற்கிறது. ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று எங்கே போய் போர் போடுகிற வண்டியைப் பார்த்தாலும் அதற்குத் திருச்செங்கோட்டில் ஒரு சொந்தம் இருக்கும். ஆப்பிரிக்க நாடுகளுக்கும் இங்கிருந்து வண்டி கப்பல் ஏறுகிறது.

அந்தக் காலத்தில் பாறைக்குள் தண்ணீர் தேடுவது என்றால் வெடி வைத்துக் கிணறு வெட்டுவதுதான். 1967-ல் பீகாரில் கடும் வறட்சி வந்தபோது, யுனிசெப் நிறுவனம் பாறை துளைக்கும் ரிக் இயந்திரங்களை வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அன்று அங்கிருந்து வந்த சரக்கு, பிற்பாடு திருச்செங்கோட்டுப் பட்டறையில் தயாராகி வெளிநாட்டுக்கே போகிற நிலைமை வந்துவிட்டது. இதில் காலேஜ் படித்தவர்களைவிட, கையெல்லாம் கிரீஸ் அப்பிக்கொண்ட மெக்கானிக்குகளுக்குத்தான் பங்கு அதிகம்.

2023 நவம்பர் 12-ந் தேதி உத்தரகாண்ட் மாநிலத்தில் சில்க்யாரா சுரங்கப் பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. அந்த மீட்பு வேலைக்குத் திருச்செங்கோட்டு ரிக் இயந்திரமும் போயிருந்தது. இடிபாட்டைத் துளைத்து 6 அங்குலக் குழாய் உள்ளே போன பிறகுதான் அந்த 41 பேருக்கும் சூடான சாப்பாடு கிடைத்தது. நவம்பர் 28-ந் தேதி, 17-வது நாள், அத்தனை பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

துளை போட்டு உயிரைக் காப்பாற்றப் போன ஊருக்கு, போட்ட துளையை மூடிவிட்டு வரத் தெரியாதா?

ஒரே ராத்திரி வேலை

வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் தப்பு எந்த நிமிஷத்தில் நடக்கிறது என்று புரியும்.

வருவது 2 லாரி. ஒன்றில் ரிக். இன்னொன்றில் ராடு, டீசல், வெல்டிங் செட்டு, ஆட்களின் சட்டி பானை. கம்ப்ரசர் காற்றை அழுத்தி ராடுக்குள் விடுகிறது. ராடின் நுனியில் ஹேமர், ஹேமரின் முனையில் பிட்டு. பிட்டின் முகத்தில் டங்ஸ்டன் கார்பைடு குமிழ்கள் பதித்திருக்கும். காற்று ஹேமரை அடிக்க அடிக்க, பிட்டு சுற்றிக்கொண்டே பாறையை மாவாக்குகிறது. அதே காற்று அந்த மாவை மேலே ஊதித் தள்ளுகிறது. ஒரு ராடு 20 அடி. ஒன்று இறங்கியதும் அடுத்ததை மாட்ட வேண்டும்.

மேல் மண் சரியாமல் இருக்கக் கேசிங் பைப் இறக்குவார்கள். பாறை தட்டியதும் கேசிங் நின்றுவிடும். அதற்குக் கீழே வெறும் பாறைத் துளைதான், சாதாரணமாக ஆறரை அங்குலம். இந்தப் பக்கம் பாறை கெட்டி. பாறையில் வெடிப்பு இருந்தால்தான் தண்ணீர். வெடிப்பு தட்டாவிட்டால் 1000 அடி போனாலும் புகைதான்.

சூடம் கொளுத்தி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துத்தான் வேலை ஆரம்பமாகும். உள்ளங்கையில் தேங்காயை வைத்து பாயிண்ட் பார்த்தவர் பணத்தை வாங்கிக்கொண்டு முன்னமே போயிருப்பார். (தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் தண்ணீர் இல்லாமல் போனால் அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததாகக் கதை கூடக் கிடையாது!) காட்டுக்காரர் குடும்பத்தோடு வந்து வரப்பில் உட்கார்ந்திருப்பார். 300 அடி வரை ஒரு ரேட்டு. அப்புறம் ஒவ்வொரு 100 அடிக்கும் ரேட்டு ஏறும். 500 அடியில் புகை. 700 அடியில் புகை. "இன்னும் ரெண்டு ராடு இறக்கிப் பாத்துரலாம்ணா" என்று காட்டுக்காரரே கெஞ்சுவார். வீட்டுக்கார அம்மாளின் கழுத்தில் இருந்ததை வைத்து வாங்கிய பணம் அது. விடிகிற நேரத்தில் டிரில்லர் கையை விரித்துவிடுவார்.

தப்பு நடப்பது இந்த நிமிஷத்தில்தான். போனது போகட்டும், கேசிங் பைப்பாவது மிஞ்சட்டும் என்று காட்டுக்காரர் சொல்லுவார். அதே ரிக் வண்டியே கேசிங்கை உருவிக் கொடுத்துவிடும். கேசிங் இறக்குவதற்காக மண்ணில் போட்ட துளை, பாறைத் துளையைவிட அகலமானது. பைப்பை உருவிய பிறகு, தரை மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது அந்த அகலத் துளை. சுற்றிலும் மேடு கிடையாது, வேலி கிடையாது. அடுத்த மழைக்குப் புல் முளைத்துவிட்டால் துளை இருப்பதே தெரியாது.

வண்டிக்காரரைக் கேட்டால், "மூடியா? அதெல்லாம் பார்ட்டி பாத்துக்குவாங்க" என்பார். பார்ட்டியைக் கேட்டால், "வண்டிக்காரங்க மூடிட்டுத்தான் போயிருப்பாங்கன்னு நெனச்சோமுங்க" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் வேதனை.

டியூ துரத்துகிறது

ரிக் முதலாளியைத் திட்டிவிட்டு நிறுத்தினால் பாதி விஷயம்தான். அவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

ரிக், கம்ப்ரசர், 2 லாரி சேர்த்து ஒரு செட்டு என்றால் கோடி ரூபாயில்தான் பேச்சு. கையில் இருந்து போட்டு வாங்குகிறவர் குறைவு. பங்காளி, மச்சான் என்று 4 பேர் சேர்ந்து போட்டு, மீதிக்கு பைனான்ஸ். மாதம் பிறந்தால் டியூ. வண்டி ஓடினாலும் டியூ, மழை பெய்து காட்டுக்குள் இறங்க முடியாமல் நின்றாலும் டியூ.

லாரிக்குக் கிலோமீட்டர் கணக்கு என்றால், இந்த மாதிரி வண்டிக்கு மணிக் கணக்கு. நின்ற இடத்திலேயே ராத்திரி முழுக்க எஞ்சின் ஓடுகிறது. ஆயில், பில்டர், ஹைட்ராலிக் ஓஸ் எல்லாமே மணி பார்த்துத்தான் மாற்ற வேண்டும். பிட்டின் குமிழ் மழுங்கினால் சாணை பிடிக்க வேண்டும். மழுங்கிய பிட்டோடு ஓட்டினால் அடி இறங்காது, டீசல் மட்டும் இறங்கும். துளை சரிந்து ஹேமர் உள்ளே மாட்டிக்கொண்டால், ராடோடு சேர்த்து அந்த மாத லாபம் பூமிக்குள் போய்விடும்.

செகண்ட் ஹாண்டில் வாங்கினவர் பாடு இன்னும் மோசம். புதுப் பெயிண்டைப் பார்த்து மயங்கிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது பெயிண்டை அல்ல. மணி மீட்டர் காட்டுவதும் சர்வீஸ் பில்லும் ஒத்துப் போகிறதா, எஞ்சின் சூடாவதற்கு முன் எப்படிக் கிளம்புகிறது, லோடு விழும்போது கம்ப்ரசர் பிரஷர் நிற்கிறதா, மாஸ்ட்டு அடியில் பழைய வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்பதைத்தான். ஜே.சி.பி., பொக்லைன் வாங்குகிறவருக்கும் இதே கதைதான். வாங்கிய மூன்றாம் மாதம் பம்ப்பு போய்விட்டால், அப்புறம் அந்த முதலாளிக்கு ஒரே எண்ணம்தான்: வண்டி ஒரு மணி நேரம் கூட நிற்கக் கூடாது.

இப்படித் துரத்தப்படுகிற வண்டி, தண்ணீர் வராத காட்டில் மூடிக்காக நிற்குமா? அடுத்த பாயிண்ட் 40 மைல் தள்ளிக் காத்திருக்கிறது. ஆட்களும் ராத்திரி முழுக்கத் தூங்காதவர்கள். பெரும்பாலும் வட மாநிலத்துப் பையன்கள். மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு பாறைத் தூளுக்குள் நிற்கிறார்கள். அந்தத் தூளில் இருக்கிற சிலிக்கா நுரையீரலில் படிந்தால் வருகிற சிலிக்கோசிஸ் நோயை எந்த ஆஸ்பத்திரியிலும் முழுசாகக் குணப்படுத்த முடியாது. அது தனியாகப் பேச வேண்டிய பெரிய அநியாயம்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூடி போட அரை மணி நேரம் போதும். வெல்டிங் செட்டு லாரியிலேயே இருக்கிறது. வேண்டியது ஒரு கனமான இரும்புத் தகடு. ஒரு பிட்டின் விலையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். கேசிங்கை உருவாமல் விட்டு, அதன் வாயில் தகட்டை வைத்துப் பற்றவைத்தால் வேலை முடிந்தது.

தூள் அங்கேயே கிடக்கிறது

கேசிங் பைப் எனக்கு வேண்டும் என்று காட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தால்? அப்போது துளையை அடி வரைக்கும் நிரப்ப வேண்டும். "அத்தனை ஆழத்துக்கு மண்ணுக்கு எங்கே போவது?" என்று கேட்பார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறரை அங்குலத் துளை 600 அடிக்குப் போனால் அதன் கொள்ளளவு சுமார் 138 கன அடி. மணல் கணக்கில் 100 கன அடி ஒரு யூனிட். ஆக ஒன்றரை யூனிட் கூட வராது. 1000 அடி துளையாக இருந்தாலும் இரண்டே கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட. அதில் பெரும் பகுதி எங்கே இருக்கிறது? துளையிலிருந்து ஊதித் தள்ளிய தூளாக, துளைக்குப் பக்கத்திலேயே குவிந்து கிடக்கிறது! காற்றில் போனதும் தண்ணீரில் கரைந்ததும் போகக் குறைவதற்கு சரளையும் மணலும் போட்டால் போதும்.

ஆனால் ஒரே மூச்சில் கூடை கூடையாகக் கொட்டக் கூடாது. குறுகலான துளையில் மண் நடு வழியில் அடைத்துக்கொள்ளும். மேலே பார்த்தால் நிரம்பியது போல இருக்கும், கீழே வெற்றிடம். ஒரு நல்ல மழை பெய்தால் அடைப்புக் கரைந்து மண் உள்வாங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கயிற்றில் எடை கட்டி இறக்கி ஆழம் பார்த்துக்கொண்டே நிரப்ப வேண்டும். இதெல்லாம் வண்டிக்காரருக்குத் தெரியாத வித்தை இல்லை.

நடுக்காட்டுப்பட்டி

2019 அக்டோபர் 25-ந் தேதி சாயங்காலம், திருச்சி மாவட்டம் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் 2 வயசுக் குழந்தை ஒன்று வீட்டுக்குப் பக்கத்துக் காட்டில் விளையாடிக்கொண்டிருந்தது. அங்கே 600 அடி போர் ஒன்று. தண்ணீர் வராததால் கைவிட்டு, மண்ணைப் போட்டு மூடி, மேலே சோளம் போட்டிருந்தார்கள். மழையில் மண் உள்வாங்கி இருந்தது. குழந்தை உள்ளே போய்விட்டது.

முதலில் 30 அடிக்குள்தான் சிக்கியிருந்தது. கயிறு போட்டுப் பார்த்தார்கள், கருவிகளை இறக்கிப் பார்த்தார்கள். குழந்தை 80 அடிக்கும் கீழே இறங்கிவிட்டது. பக்கத்தில் இன்னொரு குழி தோண்டி, கீழே போய்க் குறுக்கே எடுப்பது என்று முடிவு. ராட்சத ரிக் வந்தது. பாறை அசையவில்லை. அதைவிட சக்தியான இன்னொரு ரிக் வந்தது. அதற்கும் பாறை சுலபத்தில் வழிவிடவில்லை. இடையில் தீபாவளி வந்து போனது. அன்று ராத்திரி தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் பட்டாசுப் பெட்டியைப் பிரிக்கவில்லை. 80 மணி நேரம் தாண்டி, 29-ந் தேதி அதிகாலையில் உடல்தான் வெளியே வந்தது.

2006-ல் அரியானா மாநிலம் குருட்சேத்திரம் பக்கத்தில் 60 அடி ஆழத்தில் விழுந்த 5 வயசுப் பையனை ராணுவத்தினர் பக்கத்திலிருந்து வழி தோண்டி, 2 நாளில் உயிரோடு எடுத்தார்கள். அது வண்டல் பூமி. இங்கே பாறை. வித்தியாசம் அதுதான்.

"பொக்லைனைக் கொண்டுவந்து தோண்ட வேண்டியதுதானே" என்று டீக்கடையில் உட்கார்ந்து சொல்லுவது சுலபம். (பொக்லைன் என்பதே ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். எந்தக் கம்பெனி வண்டி வந்தாலும் இங்கே பெயர் பொக்லைன்தான்!) அதன் பக்கெட்டு மண்ணை அள்ளும், கப்பிக்கல்லைப் பெயர்க்கும். கெட்டிப் பாறை வந்தால் பக்கெட்டைக் கழற்றிவிட்டு பிரேக்கர் மாட்ட வேண்டும். பிரேக்கர் அடிக்கிற அதிர்ச்சியில் துளைக்குள் இருக்கிற குழந்தை இன்னும் கீழே இறங்கும். அதனால் மெதுவாக அடிக்க வேண்டும். மெதுவாக அடித்தால் நேரம் போகும். நேரம் போனால் உயிர் போகும்.

ஒரு ராத்திரியில் போட்ட துளையின் பக்கத்தில் 100 அடி தோண்ட, அரசாங்கமே வந்து நின்றும் 3 நாள் போதவில்லை.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

2010-ல் சுப்ரீம் கோர்ட்டு விதித்த கட்டளைகள் ஒன்றும் சாமானியனுக்குப் புரியாதவை அல்ல. போர் போடுவதற்கு 15 நாளைக்கு முன் எழுத்து மூலம் தகவல் தர வேண்டும். போர் போடும் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் இரண்டு தரப்பாரின் முகவரியோடு போர்டு வைக்க வேண்டும். முள்வேலி வேண்டும். கேசிங்கைச் சுற்றி அரை மீட்டர் சதுரத்தில், தரைக்கு மேலே 30 சென்டிமீட்டர், கீழே 30 சென்டிமீட்டர் கான்கிரீட் மேடை வேண்டும். வாயை இரும்புத் தகட்டால் பற்றவைத்தோ, போல்ட்டு நட்டுப் போட்ட மூடியாலோ அடைக்க வேண்டும். கைவிட்ட துளையை அடியிலிருந்து தரை மட்டம் வரை நிரப்ப வேண்டும். தமிழ்நாட்டில் ஊராட்சிகளுக்கென்று 2015-ல் தனி விதிகளும் வந்தன.

15 நாள் முன் தகவல் என்பது காகிதத்தோடு சரி. தென்னை காய்கிறது என்று திங்கட்கிழமை புரோக்கருக்குப் போன் போட்டால் செவ்வாய்க்கிழமை ராத்திரி வண்டி வந்து நிற்கிறது. காலையில் பஞ்சாயத்து கிளார்க் எழுந்து பல் விளக்குவதற்குள் வேலை முடிந்து வண்டி போய்விடுகிறது. அவர் எந்த வண்டியைப் போய்ப் பிடிப்பார்? ஆகவே பிடிக்க வேண்டிய இடம் பஞ்சாயத்து ஆபீஸ் அல்ல. பணம் கை மாறுகிற வரப்பு.

போர் வேலையில் அட்வான்ஸ் போக மீதியை வண்டி கிளம்பும்போதுதான் எண்ணிக் கொடுக்கிறார்கள். மூடி போட்ட பிறகு, அல்லது துளையை நிரப்பிய பிறகுதான் அந்த மீதி என்று இரண்டு தரப்பும் முதலிலேயே பேசிக்கொண்டால், எந்த அதிகாரியும் ஜீப்பில் வர வேண்டியதில்லை. புரோக்கர் எழுதிக் கொடுக்கிற சீட்டில் அடி ரேட்டு இருக்கிறது, கேசிங் ரேட்டு இருக்கிறது, ஆட்களின் பேட்டா கூட இருக்கிறது. மூடி என்ற வார்த்தை இல்லை. அதை எழுதாத சீட்டில் காட்டுக்காரர் கையெழுத்துப் போடக் கூடாது. நகை அடகு வைத்த பணம் போன துக்கத்தில் இருப்பவரிடம் விடியற்காலையில் போய் மூடிக்குப் பணம் கேட்டால் அவர் எப்படிக் கொடுப்பார்? வண்டி இறங்குவதற்கு முன்பே அது மொத்த ரேட்டில் சேர்ந்திருக்க வேண்டும்.

காட்டுக்காரர் சமாச்சாரம் என்று சேலம் டவுனில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். அம்மாப்பேட்டையிலும் சூரமங்கலத்திலும் வீட்டுக்கு வீடு போர் இருக்கிறது. மோட்டார் எரிந்துபோனால் பைப்போடு தூக்கி காயில் கட்டக் கொடுக்கிறார்கள். அது திரும்பி வருகிற 2 நாள், 3 நாள் வரைக்கும் போரின் வாயில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் வாளியைத் தூக்கி உள்ளே கல்லைப் போட்டு, சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறார்கள். மோட்டார் வெளியே இருக்கும்போதும் வாய் மூடியே இருக்க வேண்டும் என்பதும் அதே 2010 உத்தரவில் இருக்கிறது. மோட்டார் தூக்க வருகிற ஆளிடம், மூடியும் கொண்டுவந்தால்தான் வேலை என்று சொல்ல வேண்டியதுதான்.

பங்குனி பிறந்ததும் கிணறுகள் வற்றும், ராசிபுரம், ஆத்தூர், எடப்பாடி பக்கமெல்லாம் ராத்திரியில் கம்ப்ரசர் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் திருச்செங்கோட்டு ரிக் முதலாளிகள் ஒரு நாள் உட்கார்ந்து பேசி, லாரிக்கு 10 தகடு வெட்டிப் போட்டு அனுப்பலாம். தகடு வெட்டுகிற பட்டறை அவர்கள் தெருவிலேயே இருக்கிறது.